கண்ணீர் வற்றியவர்களின் கதை

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். இன்ன ஆண்டில் இன்னார் இன்ன நோயைக் கண்டறிந்தார், இன்னார் இன்ன மருந்தைப் பிரித்தெடுத்தார் என்று அவ்வரலாறு பெயர்களின் வரிசையாய் நீண்டு செல்கிறது. அந்த நோயைத் தம் உடலிற் சுமந்து, அதன் குணங்குறிகளைத் தம் வாயால் எடுத்துரைத்து, பல காலம் நம்பப்படாதிருந்து, இறுதியில் மருத்துவரின் கண்ணைத் திறந்துவிட்டவர்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. மன்னர்களின் போர்களை எழுதிய சரித்திரக்காரர் போரிட்ட வீரர்களை மறந்தது போலத்தான் இதுவும்.

இம்மறதி எவ்வளவு பெரிய இழப்பை விளைவிக்கும் என்பதற்கு ஒரு நோயின் வரலாறு நல்ல சான்றாகும். சுவீடன் தேசத்துக் கண்வைத்தியர் ஒருவரின் பெயரால் அது ஷோகிரென் நோய் என்று இன்று அழைக்கப்படுகிறது. கண்ணில் நீரும் வாயில் உமிழ்நீரும் வற்றிப்போவது அதன் வெளித்தோற்றம். கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடன ஆற்றலே உடலின் சொந்தச் சுரப்பிகளைப் பகையெனக் கருதித் தாக்குவது அதன் உட்காரணம். நோயுற்றோரிற் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்நோயை உலகம் அறிந்துகொள்ள ஏன் அத்தனை காலம் எடுத்தது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பாதி அதில் அடங்கியிருக்கிறது.

*

வறட்சி என்பது கேட்பதற்குச் சிறிய துன்பம். வெயிலில் நடந்து வந்தவனுக்கும் நா வறள்கிறது. இரவு விழித்துப் படித்தவனுக்கும் கண் எரிகிறது. ஒரு குவளை நீரும் ஓர் இரவு நித்திரையும் அவற்றைத் தீர்த்துவிடும். ஆனால் நீர் குடித்தும் தீராத வறட்சியை, நித்திரையின் பின்னும் ஆறாத எரிவை, மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் அனுபவிப்பவரின் நிலை வேறு.

உமிழ்நீர் வெறும் ஈரமன்று. அது உணவைக் குழைத்து விழுங்கச் செய்கிறது. பற்களை அரிக்கும் அமிலத்தைத் தணிக்கிறது. வாயிற் பூஞ்சணம் பற்றாது காக்கிறது. அது வற்றும்போது பாண் துண்டு ஒன்றும் தண்ணீரில்லாமல் தொண்டையில் இறங்காது. நெடுநேரம் பேச இயலாது. பேசினால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டும். நல்ல பற்கள் ஈறின் விளிம்பில் அடுத்தடுத்துச் சொத்தையாகும். கண்ணீரும் அத்தகையதே. துயரத்தில் வழிவது அதன் ஒரு வேலை மட்டுமே. இமைக்கும்தோறும் விழிவெண்படலத்தைக் கழுவி, ஊட்டி, மெருகிட்டு வைத்திருப்பது அதன் ஓயாத வேலை. அது குறையும்போது கண்ணில் மணல் விழுந்தாற்போல் அறுக்கும். வெளிச்சம் கூசும். காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். இவற்றோடு மூட்டுக்களில் நோவும், வேலை செய்யாமலே வந்து கவியும் களைப்பும் சேர்ந்துகொள்ளும். களைப்பே எல்லாவற்றிலும் கொடியது என்று கூறும் நோயாளிகள் பலர். துக்க வீட்டில் நெஞ்சு விம்மியும் கண் நனையாத பெண்ணைப் பார்த்துக் கல்நெஞ்சக்காரி என்று உலகம் சொன்னால், அவள் அதற்கு என்ன மறுமொழி கூறுவாள்?

இத்தகைய பெண்ணொருத்தி வைத்தியம் தேடிப் புறப்பட்டால் நடப்பதென்ன? கண்வைத்தியர் கண்ணைப் பார்த்துச் சொட்டு மருந்து கொடுப்பார். பல்வைத்தியர் சொத்தைப் பல்லைப் பிடுங்குவார். மூட்டு நோவுக்கு வேறொருவர் மாத்திரை தருவார். இவை யாவும் சேர்ந்து தன்னை வாட்டுவதாக அவள் நாலாமவரிடம் முறையிட்டால், நரம்புத் தளர்ச்சி என்றோ, மாதவிடாய் நிற்கும் வயதின் கோளாறு என்றோ, மனக்கவலை என்றோ விடை வரலாம். மனக்கவலைக்கென்று எழுதப்படும் மாத்திரைகளிற் சில வாயை மேலும் உலரச் செய்பவை என்பது இத்துன்பத்தின் மேல் ஒரு துன்பம்.

குருடர்கள் யானை கண்ட கதையை நாம் அனைவரும் அறிவோம். ஒருவன் தூண் என்றான், ஒருவன் முறம் என்றான், ஒருவன் கயிறு என்றான். அந்தக் கதையில் யானை வாய் திறப்பதில்லை. இங்கோ யானைக்கு வாயுண்டு. தன் முழு உருவத்தையும் அது சொல்லிக்கொண்டேயிருந்தது. கேட்டவர்தாம் இல்லை.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலமே ஐரோப்பிய மருத்துவம் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து வளர்ந்த காலமாகும். கண்ணுக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர் எனப் பிரிந்தமையால் அறிவு ஆழமாயிற்று என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அந்தப் பிரிவினையின் இடுக்குகளுக்குள்ளேதான் இந்த நோய் ஒளிந்துகொண்டது.

1882இல் ஜேர்மானியக் கண்வைத்தியர் தியோடோர் லேபர், விழிவெண்படலத்தின் மேல் இழை இழையாகத் தொங்கும் ஒருவகை அழற்சியை விவரித்தார். அவர் பார்த்தது கண்ணை. 1888இல் இலண்டன் மருத்துவச் சங்கமொன்றில் ஹடன் என்னும் வைத்தியர் ஒரு முதிய மாதைப் பற்றி எடுத்துரைத்தார். அவளது வாய் முற்றாக உலர்ந்திருந்தது. அவளுக்குக் கண்ணீரும் வரவில்லை. வாய்வறட்சி என்னும் பொருள்பட ஒரு கிரேக்கப் பெயர் அக்காலத்திலேயே அந்நிலைக்குச் சூட்டப்பட்டது. அதே 1888இல் கேனிக்ஸ்பேர்க் நகரில் அறுவை வைத்தியர் மிக்குலிச், கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருபுறமும் வீங்கிய குடியானவன் ஒருவனைத் தம் சக வைத்தியர்முன் நிறுத்தினார். 1925இல் பிரெஞ்சுத் தோல்வைத்தியர் ஹென்றி கூஜரோ, சுரப்பிகள் சூம்பி வாயும் கண்ணும் பிற உட்சவ்வுகளும் உலர்ந்துபோன மூவரைப் பற்றி எழுதினார். 1927இல் ஒல்லாந்துக் கண்வைத்தியர் ஒருவர், லேபர் கண்ட கண்நோய் நீடித்த மூட்டுவாதம் உள்ளவர்களிடத்தே காணப்படுவதைக் குறித்தார்.

இவ்வாறாக, நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஐந்து பேர் ஒரே வீட்டின் ஐந்து சன்னல்கள் வழியே எட்டிப் பார்த்தனர். ஒருவர் கண்டதை மற்றவர் கண்டதோடு இணைத்து, இது ஒரே வீடு என்று சொல்ல எவரும் முன்வரவில்லை. துண்டுகள் யாவும் அச்சில் இருந்தன. அவற்றைக் கோக்கும் நூல்தான் இல்லாதிருந்தது.

*

அந்த நூலைக் கோத்தவர் ஹென்றிக் ஷோகிரென். 1899இற் பிறந்து, ஸ்டொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவம் கற்று, கண்வைத்தியத் துறையிற் புகுந்த இளைஞர். 1930ஆம் ஆண்டளவில் அவரிடம் நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். கண் உலர்ந்திருந்தது, வாய் உலர்ந்திருந்தது, மூட்டுக்கள் நொந்தன. கண்ணைப் பார்த்து மருந்து கொடுத்து அனுப்புவதோடு அவருடைய கடமை முடிந்திருக்கலாம். மூட்டும் வாயும் கண்வைத்தியரின் எல்லைக்கு வெளியே உள்ளவை அல்லவா? ஆனால் அவர் அந்த மூன்று முறைப்பாடுகளையும் ஒருங்கே கேட்டார். இது தற்செயலா, அன்றி மூன்றுக்கும் ஒரு வேர் உண்டா என்ற வினா அவரை விடவில்லை. அதன்பின் அதே குறைகளோடு வருபவர்களைத் தேடிச் சேர்க்கலானார்.

1933இல் அவர் தமது பட்ட ஆய்வேட்டை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். அதில் 19 நோயாளர் இடம்பெற்றனர். அனைவரும் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர். 13 பேருக்கு மூட்டுவாதம் இருந்தது. 'றோஸ் பெங்கால்' என்னும் செஞ்சாயத்தைக் கண்ணிலிட்டு, உலர்ந்து பழுதடைந்த இடங்கள் சிவந்து தோன்றுவதை அவர் காட்டினார். சுரப்பிகளின் மெல்லிய வெட்டுக்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அவற்றுள் நிணநீர்க் கலங்கள் கூட்டங்கூட்டமாகப் புகுந்திருப்பதையும் கண்டார். கண்ணின் நோய் கண்ணிலே தொடங்கவில்லை, அது உடல் முழுவதற்கும் உரிய ஒரு நோயின் சன்னலே என்பது அவர் வந்த முடிபு.

பல்கலைக்கழகம் இதை எவ்வாறு வரவேற்றது? ஆய்வேடு தேறியது. எனினும், பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்கு வாயிலாகும் 'டோசென்ட்' தகுதியைப் பெறுவதற்கு வேண்டிய உயர்ந்த புள்ளி அதற்கு வழங்கப்படவில்லை. ஆராய்ச்சிப் பதவிக்கான கதவு அடைபட்டமையால் ஷோகிரென் தலைநகரை விட்டு யோன்ஷோப்பிங் என்னும் மாகாண நகரின் ஆஸ்பத்திரிக்குச் சென்று கண்வைத்தியராகப் பணியாற்றினார். அங்கிருந்தே தமது ஆராய்ச்சியை விடாது தொடர்ந்தார். அந்தத் தகுதி அவருக்குக் கிடைத்தது 1957இல், அதுவும் வேறொரு பல்கலைக்கழகமான கோத்தன்பேர்க்கிலிருந்து. சுவீடன் அரசு அவருக்குப் பேராசிரியர் என்ற கௌரவப் பட்டத்தை 1961இல் அளித்தது. ஆய்வேடு வெளிவந்து அப்போது 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த இடைக்காலத்தில் அவரது நூலை உலகறியச் செய்தவர் யார் என்பது நம்போன்ற மொழியினர் கவனிக்கத்தக்க செய்தி. அவுஸ்திரேலியக் கண்வைத்தியர் புரூஸ் ஹமில்டன் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1943இல் வெளிவரச் செய்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டு, ஜேர்மன் மொழி பகைவனின் மொழியாகிவிட்டிருந்த ஆண்டு அது. பூமியின் மறுகோடியில் இருந்த ஒருவர், போரின் நடுவே, பகைவன் மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலை மனித நலத்துக்கு வேண்டியதெனக் கருதி உழைத்திருக்கிறார். ஷோகிரென் என்னும் பெயர் ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் வைத்தியசாலைகளிற் பரவியது அதன் பின்னரே. மொழிபெயர்ப்பை இரண்டாந்தரப் பணியென்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

*

சுரப்பிகளுக்குள் நிணநீர்க் கலங்கள் ஏன் புகுந்தன என்பதை ஷோகிரெனால் விளக்க முடியவில்லை. அதற்குத் தடையாயிருந்தது ஒரு பெரிய அறிஞரின் பெரிய கருத்து. உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும், தன் உறுப்புக்களுக்கு எதிராக அது ஒருபோதும் ஆயுதமெடாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மானிய விஞ்ஞானி போல் ஏர்லிக் கருதினார். அவர் அக்கருத்தைச் சொன்ன முறையில் விதிவிலக்குகளுக்கு இடமிருந்தது. அவருக்குப் பின் வந்தோர் அதை விதியாக்கி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதற்குக் காவலிருந்தனர்.

அந்த விதி 1950களில் உடைந்தது. 1956இல் அமெரிக்காவில் விற்றெப்ஸ்கியும் றோசும் முயல்களின் தைரொயிட் சுரப்பியை அவற்றின் சொந்த நிர்ப்பீடன ஆற்றலே அழிக்குமாறு செய்து காட்டினர். அதே ஆண்டு இலண்டனில் றொயிற், டொனியாக் முதலியோர் தைரொயிட் நோயாளர் சிலரின் குருதியில் அச்சுரப்பிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டனர். 1958இல் பாரி ஜோன்ஸ், கண்ணீர்ச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் ஷோகிரென் நோயாளரின் குருதியில் இருப்பதாக எழுதினார். கால் நூற்றாண்டுக்கு முன் நுணுக்குக்காட்டியிற் கண்ட காட்சிக்கு இப்போது பொருள் விளங்கியது. காவற்படை தன் ஊரையே முற்றுகையிட்டிருந்தது.

1969இலும் 1974இலும் இந்நோயோடு தொடர்புடைய இரு முக்கியமான பிறபொருளெதிரிகள் விவரிக்கப்பட்டன. அவற்றின் பெயர்கள் 'றோ', 'லா'. இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? எந்த நோயாளரின் குருதியில் அவை முதலிற் காணப்பட்டனவோ, அவர்களின் பெயர்களிலுள்ள முதல் இரு எழுத்துக்களே அவை. இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் நாள்தோறும் எழுதப்படும் அந்த ஈரெழுத்துக்கள், இந்நோயின் வரலாற்றில் நோயாளருக்குக் கிடைத்த ஒரேயொரு கல்வெட்டு. ஹடன் கண்ட முதியவளுக்கும் ஷோகிரெனின் 19 பெண்களுக்கும் அதுவும் கிடைக்கவில்லை.

*

இனி, மருந்தின் கதைக்கு வருவோம். அது வேறொரு கண்டத்திற் பிறந்து இதே ஆற்றில் வந்து கலக்கும் கதை.

பிறேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு செடியின் இலையை மென்றால் வாயில் நீர் பெருகும், உடல் வியர்க்கும். அந்நாட்டின் பூர்வ குடிகள் இதனை நன்கறிந்திருந்தனர். அச்செடிக்கு அவர்கள் மொழியில் வழங்கும் 'ஜபொராண்டி' என்னும் பெயரே வாயூறச் செய்வது என்ற பொருளிற் பிறந்ததென்பர். 1870களில் கூத்தின்ஹோ என்னும் பிறேசில் வைத்தியர் அவ்விலைகளைப் பாரிசுக்குக் கொண்டுசென்றார். 1875இல் பிரான்சில் ஆர்டியும் இங்கிலாந்தில் ஜெரார்ட்டும் தனித்தனியே அதன் சத்தைப் பிரித்தெடுத்தனர். பைலோகாப்பின் என்பது அச்சத்தின் பெயர். கண்ணின் உள்ளமுக்கத்தைக் குறைக்க அது உதவும் என்பது சில ஆண்டுகளுக்குள் தெரிந்ததும், உலகெங்கும் கண்வைத்தியரின் அலமாரியில் அது நிரந்தர இடம் பெற்றது.

1888இல் ஹடன் தம்மிடம் வந்த வாயுலர்ந்த மூதாட்டிக்குக் கொடுத்தது இந்த ஜபொராண்டி இலையின் சாரத்தையே. அவளுக்கு அது குணம் காட்டியது. அதாவது, நோய்க்குப் பெயர் வைக்கப்படுவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே அதன் துன்பத்தைத் தணிக்கும் மருந்து கையில் இருந்தது. ஆனால் ஷோகிரென் நோயின் வாய்வறட்சிக்கு பைலோகாப்பின் மாத்திரையை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் முறைப்படி அங்கீகரித்தது 1998இல். ஹடனின் மூதாட்டிக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் இடையே 110 ஆண்டுகள்!

அம்மருந்து செயற்படும் முறையில் வியப்பான ஒன்றும் இல்லை. நோய் முற்றிய நிலையிலும் சுரப்பியின் ஒரு பகுதி பெரும்பாலும் உயிரோடு எஞ்சியிருக்கும். நரம்பு விடுக்கும் கட்டளையை ஏற்கும் வாயில்கள் அதில் உண்டு. பைலோகாப்பின் அந்த வாயில்களைத் தட்டி, எஞ்சிய சுரப்பியை வேலை செய்யத் தூண்டுகிறது. வியர்வை மிகுதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் முதலிய தொல்லைகள் அதனால் உண்டு. கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்க்கு அது ஆகாது. ஆயினும் பலருக்கு அது உணவை மீண்டும் உணவாக்கியிருக்கிறது. இவற்றிற் பெரும்பகுதியை முன்னரே சோதித்து அறிந்திருக்கலாம். அதே கண்வைத்தியரின் அறைக்கு உலர்ந்த கண்களோடு பெண்கள் வந்து போய்க்கொண்டிருந்தபோது, அதே அறையின் அலமாரியில் அம்மருந்து வேறொரு நோய்க்கென இருந்தது. எவருக்கும் தனியுரிமையற்ற பழைய மருந்தொன்றைப் புதிய நோய்க்குச் சோதிப்பதற்குப் பணம் செலவிட வணிகம் விரைவதில்லை. முறையிடுவோர் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களாயும், முறைப்பாடு வாய் உலர்கிறது என்பதாயும் இருந்தால், அந்த விரைவு மேலும் குறையும். வணிகத்தின் கணக்கேட்டில் துன்பத்துக்குத் தனிப் பத்தி கிடையாது.

அந்த இலையைப் பறிக்கும் கைகளையும் நாம் மறத்தலாகாது. வடகிழக்குப் பிறேசிலின் வறிய கிராமத்தவர் காட்டிற் சென்று இலை பறித்து விற்றனர். இலை கடல் கடந்து மருந்தாயிற்று. அளவின்றிப் பறித்தமையால் அச்செடியின் முக்கிய இனமொன்று அந்நாட்டின் அழிந்துவரும் தாவரங்களின் பட்டியலில் இடம்பெற நேர்ந்தது. அறிவைத் தந்தவரும் உழைப்பைத் தந்தவரும் பெயரற்றுப் போயினர். நோயைச் சொன்ன பெண்களுக்கு நேர்ந்ததே மருந்தைச் சொன்ன மக்களுக்கும் நேர்ந்தது.

*

இந்நோய் வறட்சியோடு நின்றுவிடுவதில்லை. 1964இல் அமெரிக்காவின் தலால், பியூனிம் ஆகியோர் இந்நோயாளர் சிலரிடம் நிணநீர்த் தொகுதிப் புற்றுநோய் தோன்றுவதை எடுத்துக்காட்டினர். 1978இல் 136 பெண்களைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று, அப்புற்றுநோய் ஏனையோரைவிட இவர்களிடம் 44 மடங்கு கூடுதலாகத் தோன்றியதாகக் கணித்தது. பிற்கால ஆய்வுகள் அம்மடங்கைக் குறைத்தே மதிப்பிட்டன. இன்றைய கணிப்பின்படி நோயாளருள் நூற்றுக்கு ஐவரளவில் அதற்கு ஆளாகின்றனர். கன்னத்துச் சுரப்பியின் வீக்கம் வற்றாது நிலைத்தல், காரணமற்ற காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை உடனே கவனிக்க வேண்டிய அடையாளங்கள். 'றோ' பிறபொருளெதிரியுள்ள தாய் கருவுற்றால், அப்பொருள் நச்சுக்கொடி வழியே சென்று சிசுவின் இதயத் துடிப்பை மந்தமாக்கும் ஆபத்து நூற்றுக்கு ஓரிருவரிடம் உண்டு. நோய் இன்னதென முன்னரே தெரிந்திருந்தால் கருவின் இதயத்தைக் கண்காணிக்கலாம். வாய் உலர்வதுதானே என்று அலட்சியம் செய்வதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

நோயை அறிவதற்கு வேண்டிய கருவிகளிற் சில மிக எளியவை. 1903இல் ஜேர்மானியர் ஒற்றோ ஷிர்மர் வகுத்த சோதனைக்கு ஒரு துண்டு வடிதாளே போதும். அதன் நுனியைக் கீழிமைக்குள் மடித்து வைத்து, 5 நிமிடத்தில் ஈரம் எவ்வளவு ஏறுகிறதென அளக்க வேண்டும். 5 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ ஆயின் ஐயுற இடமுண்டு. கீழுதட்டின் உட்புறத்திலுள்ள நுண்ணிய உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சிறிது வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து தரப்படுத்தும் முறையை 1968இல் சிசொல்ம், மேசன் என்போர் வகுத்தனர். குருதிச் சோதனையும் உண்டு. சலரோகம், சில கல்லீரல் நோய்கள், வேறு மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் வாயை உலர்த்தக்கூடும் ஆகையால், அவற்றை விலக்கி அறிவது வைத்தியரின் கடமை.

சிகிச்சையோ இன்னும் பெரும்பாலும் தணிப்புச் சிகிச்சையே. செயற்கைக் கண்ணீர், கண்ணீர் வடியும் துளைகளைச் சிறு முளையால் அடைத்து இருக்கும் ஈரத்தைக் காத்தல், அடிக்கடி நீர் அருந்துதல், இனிப்பைக் குறைத்தல், புளோரைட்டினாற் பற்களைப் பேணல் என்பன அன்றாட ஒழுங்குகள். மலேரியா மருந்தாக வந்த ஹைட்றொக்சிகுளோரோகுயின் மூட்டு நோவுக்கும் தோற் கோளாறுகளுக்கும் கொடுக்கப்படுகிறது. ஆனால் 2014இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில் 120 நோயாளரைச் சோதித்தபோது, வறட்சிக்கும் நோவுக்கும் களைப்புக்கும் அது வெற்று மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை எனத் தெரிந்தது. நுரையீரல், சிறுநீரகம், நரம்பு ஆகியன தாக்கப்படும்போது நிர்ப்பீடனத்தை அடக்கும் வலிய மருந்துகள் வேண்டப்படுகின்றன. நோயின் வேரை நோக்கிய புதிய மருந்துகள் பல சோதனைக்கு வந்துள்ளன. அவை வெற்றிபெறும்போது, அவற்றின் விலை யாருக்கு எட்டும் என்ற கேள்வியும் உடன் எழும்.

*

இவ்வரலாறு கடந்த காலத்தோடு முடிந்துவிட்டதென்று எண்ணுதல் தவறு. 2011இல் அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ், பெரும் போட்டியொன்றின் நடுவே விலகித் தமக்கு இந்நோய் இருப்பதை அறிவித்தார். நோயின் குறிகளோடு பல ஆண்டுகள் போராடிய பின்னரே அதன் பெயரைத் தாம் அறிந்துகொண்டதாக அவர் கூறினார். செல்வமும் புகழும் சிறந்த வைத்தியரின் துணையும் உடைய ஒரு பெண்ணுக்கே நிலை இதுவென்றால், கிழமைக் கூலிக்கு உழைத்து, அரைநாட் கூலியை இழந்து இலவச வைத்தியசாலையின் நீண்ட வாங்கில் காத்திருந்து, சில நிமிடங்களில் தன் துன்பமனைத்தையும் சொல்லி முடிக்கவேண்டிய பெண்ணின் நிலை என்ன?

ஷோகிரென் 1986இல் மறைந்தார். அவர் பெயரிலான நோயைப் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு கோப்பன்ஹேகனிற் கூடியதும் அதே ஆண்டில்தான். அவர் பெருமை அபூர்வமான கருவி எதையும் இயற்றியதில் இல்லை. சாயம், வடிதாள், நுணுக்குக்காட்டி யாவும் அவருக்கு முன்பே இருந்தன. தன் துறைக்கு வெளியே உள்ளதென்று தள்ளிவிடாமல், ஒரு பெண் சொன்னதை முழுவதும் கேட்டார். அதுபோற் சொல்லும் மற்றப் பெண்களையும் தேடிக் கேட்டார். அவர் முடித்த இடத்தில்தான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அத்தகைய கேட்டல் ஒரு தனிமனிதரின் நற்குணமாக மட்டும் இருக்கும்வரை, அது வாய்ப்பவர் பாக்கியசாலி, வாய்க்காதவர் துர்ப்பாக்கியசாலி என்ற நிலையே நீடிக்கும். அதை ஒழுங்கமைப்பின் கடமையாக்குவதே சமுதாயத்தின் பொறுப்பு. கண்ணுக்கும் பல்லுக்கும் மூட்டுக்குமாகச் சிதறிக் கிடக்கும் குறிப்புக்கள் ஒரே கோவையில் சேரவேண்டும். வைத்தியருக்கு ஒரு நோயாளியுடன் பேசப் போதிய நேரம் கிடைக்கவேண்டும். நோயாளிக்குத் தன் துன்பத்தைத் தன் மொழியில் சொல்லவும், பதிலைத் தன் மொழியில் கேட்கவும் முடியவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது சிறிதெனினும் பயனுள்ளது. நம் வீடுகளில் ஒரு தாயோ, ஒரு பெரியம்மாவோ, சோறு விழுங்கும் ஒவ்வொரு பிடிக்கும் தண்ணீர் தேடுகிறாளா, கண்ணில் மண் விழுந்தாற்போலிருக்கிறது என்று நாள்தோறும் கசக்குகிறாளா, விரல் மூட்டைப் பிசைந்துகொண்டு களைத்துச் சாய்கிறாளா என்று கவனிக்கலாம். வயது போனால் அப்படித்தான் என்று அவளுக்கு விடை கூறுவதற்கு முன், அவள் சொல்வதை மூன்று தனிச் செய்திகளாகவன்றி ஒரே செய்தியாகக் கேட்கலாம். அவளோடு வைத்தியரிடம் சென்று அதை அவ்வாறே எடுத்துச் சொல்லலாம். 1930இல் ஸ்டொக்ஹோமில் நடந்தது அவ்வளவுதான். அது நடப்பதற்குத்தான் உலகம் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தது.